தார் ஜீப்பில் 13 கிலோ ஜாக்கியை எங்கே வைப்பது?

கேள்வி: என்னிடம் 2021ஆம் ஆண்டு வாங்கிய ஹார்ட் டாப் மஹிந்திரா தார் ஜீப் இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது மலையடிவாரத் தோட்டப் பாதைகளுக்கும் மண் தடங்களுக்கும் போகிறோம். அண்மையில், சிக்கிக்கொண்ட வண்டியை உயரத் தூக்கும் 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கி ஒன்று வாங்கினேன். இப்போதைக்குப் பழைய போர்வையில் சுற்றிப் பின் சீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு நண்பர் பானெட்டில் மாட்டச் சொல்கிறார், இன்னொருவர் மேலே கேரியரில் கட்டச் சொல்கிறார், மூன்றாமவர் பின்கதவில் ஸ்டெப்னியோடு சேர்த்துப் பொருத்தச் சொல்கிறார். பின் சீட்டில் என் பிள்ளைகள் இருவரும் உட்காருவார்கள். எது சரியான இடம்? – ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இதைப் படித்து முடித்ததும் அந்த ஜாக்கியை வண்டியிலிருந்து இறக்கி வீட்டில் வைத்துவிடுங்கள். இடத்தைப் பற்றிப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். ஆனால் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் கட்டாத இரும்பு ஒரு நாள்கூட இருக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். உங்கள் ஜாக்கியின் எடை 13 கிலோ அளவில் இருக்கும். வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி நின்றால், வண்டிதான் நிற்கும். கட்டாத ஜாக்கி அதே வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் அது மோதும் அடி, கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, அதே இரும்பைக் கீழே போட்டால் விழும் அடிக்குச் சமம். மடக்கக்கூடிய பின் சீட்டின் சாய்மானம் ஆள் சாய்ந்துகொள்வதற்காகச் செய்யப்பட்டதே தவிர, பின்னாலிருந்து வரும் இரும்பைத் தடுக்கும் சுவராகச் செய்யப்பட்டதன்று. போர்வை சத்தத்தைத்தான் குறைக்கும்.

இப்போது இடம். மீட்பு ஜாக்கிக்கான இடத்தை நான் இரண்டு தருணங்களை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுப்பேன்: வண்டி மோதும் தருணம், வண்டி சிக்கிக்கொள்ளும் தருணம். முதலாவதில் ஜாக்கி இருந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. இரண்டாவதில் அது கைக்கு எட்ட வேண்டும், எட்டிய பிறகு வேலையும் செய்ய வேண்டும். உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்று இடங்களையும் இந்த இரண்டு தருணங்களில் வைத்துப் பார்ப்போம்.

பானெட்டை உடனே தள்ளிவிடலாம். மேட்டின் உச்சியில் ஏறும்போது சரிவின் மறுபக்கத்தைப் பார்க்கத் தவிக்கும் கண்ணுக்கு முன்னால் ஒரு இரும்புத் தண்டு குறுக்கே கிடப்பது நல்லதன்று; பானெட்டின் மெல்லிய தகடும் அதன் கீல்களும் இந்த எடையோடு ஆண்டுக்கணக்கில் குலுங்குவதற்காக அமைந்தவையும் அல்ல. எல்லாவற்றையும்விட, சாலையில் நடப்பவர் ஒருவர் மீது வண்டி மோத நேர்ந்தால் அவருடைய தலை போய் விழும் இடம் பானெட்தான். பாதசாரிகளுக்கு ஆபத்து என்பதால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டிகளின் முன்னால் பொருத்தப்படும் புல் பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. அதே காரணம் பானெட்டின் மேல் கிடக்கும் ஜாக்கிக்கும் அப்படியே பொருந்தும்.

கேரியரைப் பற்றி வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. அது மிகைதான். ஏறத்தாழ 1,750 கிலோ எடையுள்ள வண்டியில் 13 கிலோவைக் கூரைமேல் ஏற்றினால் வண்டியின் ஈர்ப்பு மையம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் உயரும். ஆனால் கேரியரின் சொந்த எடை, அதன்மேல் ஏறும் கேன்கள், கூடாரம் எல்லாம் சேரும்போது பக்கவாட்டுச் சரிவில் அந்தக் கூட்டுத்தொகை தெரியத் தொடங்கும். தாரின் ஹார்ட் டாப் இரும்புக் கூரையுமன்று. கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்கால் ஆனது. ஆகவே கேரியரின் பாரம் ரோல் கேஜிலோ (வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்) உடற்சட்டத்திலோ இறங்கும்படி அமைந்திருக்க வேண்டும். இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு. சேற்றில் புதைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் வண்டியின் சக்கரத்தின்மேல் ஈரச் செருப்போடு ஏறி நின்று, தலைக்கு மேலிருந்து 13 கிலோ இரும்பை இறக்குவதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மீட்பு வேலைகளில் அடிபடுபவர்கள் பெரும்பாலும் களைத்துப்போய் அவசரப்படுபவர்கள்.

பின்கதவுதான் பலரும் விரும்பும் இடம், பார்ப்பதற்கும் எடுப்பாக இருக்கும். தாரின் பின்கதவு பக்கவாட்டில் திறப்பது. ஸ்டெப்னியின் பாரம் முழுவதும் ஏற்கெனவே அதன் கீல்களில்தான் தொங்குகிறது. ஸ்டெப்னிக்கும் வெளியே, கீலிலிருந்து இன்னும் தள்ளி ஜாக்கியை மாட்டும்போது, அதன் எடை தராசில் காட்டும் 13 கிலோவைவிடக் கூடுதலாகவே கீலை இழுக்கும். கற்பாதையில் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த இழுப்பு பெருகும். சில மாதங்களில் கதவு சற்றே தொங்கி, பூட்டு சரியாக விழாமல், ரப்பர் பீடிங்கின் இடுக்கு வழியாகத் தூசி உள்ளே வரத் தொடங்கினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். சரிவில் நிற்கும்போது இந்தக் கனத்த கதவு தானாக வீசித் திறந்து பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிடவும் கூடும். நான்கு அடி நீளத் தண்டு பின் விளக்கையோ நம்பர் பிளேட்டையோ மறைக்காமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு இந்த ஜாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூம்ஃபீல்டு என்னும் ஊரில் 1905ஆம் ஆண்டில் தொடங்கிய கருவி இது. வேலிக் கம்பம் பிடுங்குவது முதல் பண்ணையின் எல்லா வேலைக்கும் பயன்பட்டதால் இன்றும் ஃபார்ம் ஜாக்கி என்ற பெயர் அதற்கு உண்டு. வரிசையாகத் துளைகள் போட்ட ஒரு தண்டு, அதன்மேல் ஏறி இறங்கும் ஒரு வார்ப்பிரும்புக் கூடு, அந்தக் கூட்டுக்குள் ஸ்பிரிங்கால் தள்ளப்படும் இரண்டு சிறு பின்கள் (முளைகள்). கைப்பிடியை அழுத்த அழுத்த, இந்தப் பின்கள் மாறி மாறி அடுத்த துளைக்குள் நுழைந்து பாரத்தைத் தாங்குகின்றன. எத்தனை கிலோவைத் தூக்கினாலும், அந்த நேரத்தில் உங்களுக்கும் விபத்துக்கும் நடுவே நிற்பது விரல் அளவு பின் ஒன்றுதான். அது முழுவதும் உள்ளே போய் அமர வேண்டும். மண்ணோ துருவோ அடைத்து அது பாதியில் நின்றுவிட்டால், பாரம் கீழே இறங்க, கைப்பிடி மேல்நோக்கித் தெறிக்கும். குனிந்து நிற்பவரின் தாடை அந்த உயரத்தில்தான் இருக்கும்.

வண்டியின் பின்புறம்தான் தூசி மிக அதிகமாகப் படியும் இடம். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று உள்வாங்குவதால் சக்கரங்கள் கிளப்பும் புழுதியும் சேறும் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்ட ஒரு நாளில், கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் பாதையில் நானும் ஒரு நண்பரும் அச்சுவரை புதைந்துவிட்டோம். அவருடைய ஜாக்கி பின்னால் உறையில்லாமல் மாட்டப்பட்டிருந்தது. கைக்கு உடனே வந்தது. ஆனால் கரிசல் மண் காய்ந்து பின்களைச் சிமெண்டு போலப் பிடித்திருந்ததால், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மாற்றும் சிறு நெம்பை நகர்த்தவே முடியவில்லை. குடிக்க வைத்திருந்த இரண்டு கேன் தண்ணீரில் ஒன்றை அதன்மேல் ஊற்றி, ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு துளையாகக் குடைந்து, ஸ்பிரிங்கை விரலால் தட்டித் தட்டி உயிர்ப்பிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஜாக்கியை வைக்கும் இடம் என்பது ஜாக்கியின் நலத்தையும் சேர்த்ததுதான் என்று எனக்குப் புரிந்தது அன்றுதான்.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை: வண்டிக்குள், தரையோடு தரையாக, பின் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே, போல்ட்டு போட்ட பிராக்கெட்டில். தூசி குறைவு, திருட்டுப் பயமில்லை, பாரம் தாழ்வாக இருக்கும். குறுக்கே கிடப்பதால் தண்டின் முனை யாரையும் நோக்கி நிற்காது. ஒரு சிக்கலை மட்டும் முதலில் தீர்க்க வேண்டும். 48 அங்குலம் என்பது 122 சென்டிமீட்டர். உங்கள் வண்டியில் இரண்டு சக்கர வளைவுகளுக்கும் இடையே டேப்பை வைத்து அளந்து பாருங்கள். அந்த நீளம் அங்கே அடங்காவிட்டால், கடையில் மாற்றிக்கொள்ள இன்னும் வழியிருந்தால், 42 அல்லது 36 அங்குல ஜாக்கிக்கு மாறிவிடுவதே நல்லது. 42 அங்குலம் ஏறத்தாழ 107 சென்டிமீட்டர். பெரிய டயரும் உயர்த்திய சஸ்பென்ஷனும் இல்லாத வண்டிக்கு அந்த உயரம் பெரும்பாலும் போதும். தண்டை ரோல் கேஜின் மேல்குழாயில் மாட்டும் வழக்கமும் உண்டு. பிள்ளைகளின் தலை மட்டத்தில் இரும்பு இருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பிராக்கெட்டை எப்படிப் பொருத்துவது என்பதில் மெக்கானிக்கோடு கூடவே நின்று பாருங்கள். மேலே சொன்ன அதே 50 கிலோமீட்டர் மோதலில் வண்டியின் முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நிற்பதாக வைத்துக்கொண்டால், ஜாக்கி தன் எடையைப்போல் 20 மடங்கு, அதாவது 260 கிலோ அளவு விசையோடு பிராக்கெட்டை இழுக்கும். 8.8 தர 10 மில்லிமீட்டர் போல்ட்டு இதை எளிதாகத் தாங்கும். தாங்காதது தரைத் தகடுதான். சின்ன வாஷர் போட்டால் தகடு கிழிந்து போல்ட்டு அப்படியே வந்துவிடும். தரைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் தடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டைக் கொடுத்து, லாக் நட்டால் இறுக்கச் சொல்லுங்கள். துளை போடுவதற்கு முன் அடியில் டீசல் குழாயோ பிரேக் குழாயோ வயரோ போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போட்ட துளையின் விளிம்புக்குத் துரு தடுக்கும் பெயின்ட் பூசுங்கள். சீட் பெல்ட் மாட்டியிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி அவற்றிலேயே பிராக்கெட்டைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

உள்ளே வைப்பதில் ஒரு குறை உண்மையாகவே உண்டு: வண்டியின் பின்புறம் மண்திட்டில் முட்டி நின்றால் பின்கதவு திறக்காது. அதற்காக, பிராக்கெட்டின் பூட்டும் திருகு சீட்டின் பக்கம் பார்த்திருக்கட்டும். சீட்டை மடக்கி உள்ளிருந்தே எடுக்க முடியும். வீட்டில் ஒரு நாள் பின்கதவைத் திறக்காமலே எடுத்துப் பழகிப் பாருங்கள்.

வெளியேதான் வைக்க வேண்டிய நிலை என்றால், கதவைத் தவிர்த்து, சேஸிஸில் பிடித்த இரும்புப் பின் பம்பரிலிருந்து எழும் தனித் தாங்கியில் வையுங்கள். ஜாக்கியின் பின்கள் இருக்கும் கூட்டுக்குத் தடித்த உறை போடுங்கள், பூட்டும் போடுங்கள். ரப்பர் கயிறு எந்த இடத்திலும் கூடாது.

எங்கே வைத்தாலும், மாற்று நெம்பு ஏற்ற நிலையில் இருக்கட்டும். இறக்க நிலையில் விட்டால், பாரமில்லாத கூடு குலுக்கலில் தண்டின்மேல் தானாக ஓடும். கைப்பிடியைத் தண்டோடு சேர்த்துக் கவ்வும் கிளிப்பைப் போடுங்கள். கிரீஸ் தடவ வேண்டாம், அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுத்தமாகக் கழுவி, காயவைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும். மாதம் ஒருமுறை கூட்டை அடியிலிருந்து நுனிவரை ஏற்றி இறக்கி, இரண்டு பின்களும் ஒவ்வொரு துளையிலும் டக்கென்று விழுகின்றனவா என்று காதுகொடுத்துக் கேளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாரோடு வரும் பிளாஸ்டிக் பம்பரில் இந்த ஜாக்கியின் நாக்கை வைத்துத் தூக்க முடியாது. இரும்பு பம்பரோ பக்கவாட்டு ஸ்லைடரோ (கதவுகளுக்கு அடியில் பொருத்தும் இரும்புக் குழாய்) போட்டிருந்தால் சரி. இல்லையென்றால் சக்கரத்தைக் கொக்கியால் பிடித்துத் தூக்கும் இணைப்பு ஒன்றும், சேற்றில் ஜாக்கியின் அடி புதையாமலிருக்க ஒரு தடித்த பலகையும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்தே இடம் ஒதுக்குங்கள். பலகையையும் கட்டித்தான் வைக்க வேண்டும். வண்டியோடு வந்த சிறிய ஜாக்கி அதன் இடத்திலேயே இருக்கட்டும், சாலையில் பஞ்சர் போட அதுவே பாதுகாப்பானது.

பிராக்கெட்டில் கையால் கழற்றும் திருகுகளையே போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறையாவது மண் தடத்துக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற நாட்களில், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கடைக்குப் போகவும் வண்டியை எடுக்கும்போது, அந்த 13 கிலோ உங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கட்டும். பயணத்துக்கு முந்தின மாலை பின்களைச் சோதித்துவிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.