டெல்லியில் ஒரு செமஸ்டர்

கேள்வி: இன்டர்ன்ஷிப்புக்காக ஒரு செமஸ்டர் டெல்லியில் இருந்தீர்களாமே, எதெல்லாம் பிடித்தது? சட்டம் படிக்கும் என் மகளும் போகணும் என்கிறாள்.
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. எனக்கு ரொம்பப் பிடித்தது உச்ச நீதிமன்றத் தாழ்வாரம்தான், வழக்கெல்லாம் அப்புறம். எந்தக் கோர்ட்டில் எத்தனாவது வழக்கு ஓடுகிறது என்று போர்டில் எண் மாறிக்கொண்டே இருக்கும், பத்தரைக்கு நீதிபதிகள் உட்கார்ந்ததும் பெரிய பெரிய வக்கீல்கள்கூட அங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்கு ஓடுவார்கள், பின்னாலேயே ஃபைல் கட்டோடு நாங்கள். சினிமா மாதிரி நீட்டி முழக்கும் வாதமெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், பல மனுக்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஞாயிறு என்றால் டெல்லி கேட் பக்கம் மகிளா ஹாட் புத்தகச் சந்தை. முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்தது, 2019-இல் இங்கே மாற்றினார்கள். சில கடைகளில் புத்தகத்தைக் கிலோ கணக்கில் எடை போட்டே தருவார்கள்! பேரம் பேசக் கொஞ்சம் இந்தி வேண்டும்.

நவம்பர் புகைதான் கொடுமை, ஆஸ்துமா இருந்தால் யோசியுங்கள். ஆனால் குளிர் வந்துவிட்டால் கரி நெருப்பில் சுட்ட சர்க்கரைவள்ளியை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவித் தருவார்கள் பாருங்கள், அதற்காகவாவது டிசம்பர் வரை இருக்கலாம்.

அறையை மெட்ரோ நீலத் தடத்தை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், சுப்ரீம் கோர்ட் என்ற பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது.