ஆல்டோ சாக்ஸபோனுக்குப் புது மௌத்பீஸ்: கேள்வி பதில்

சாக்ஸபோனில் வாயில் வைத்து ஊதும் முனையான மௌத்பீஸ் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இன்று பதில் எழுதுகிறேன். மதுரையில் கல்யாணக் கச்சேரி, வகுப்பு என்று ஆல்டோ மட்டும் வாசிக்கிறவன் நான். டெனர், சோப்ரானோ என்ற மற்ற சாக்ஸபோன் வகைகள் பற்றி என்னிடம் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மௌத்பீஸுக்குப் பணம் எடுக்கும் முன் ஒரு புது ரீட் (மௌத்பீஸில் பூட்டும் மெல்லிய நாணல் தகடு) போட்டு வாசித்துப் பாருங்கள், பேடுகளில் (துளைகளை மூடும் மெத்தைகள்) காற்று கசிகிறதா என்று ரிப்பேர் செய்கிறவரிடம் காட்டுங்கள். கீழ் ஸ்வரங்கள் பேசவில்லை என்று என்னிடம் வருகிற கருவிகளில் பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டில்தான் இருக்கிறது.

திருமங்கலம்: யமஹா ஆல்டோவோடு வந்த 4சி மௌத்பீஸில்தான் ஒரு வருஷமாக வாசிக்கிறேன். மாற்ற வேண்டுமா, எதற்கு மாறலாம்?

4சி நல்ல மௌத்பீஸ். கூடவே வந்தது என்பதற்காக மட்டமாக நினைக்க வேண்டாம். ரீடின் நுனிக்கும் மௌத்பீஸ் நுனிக்கும் நடுவில் இருக்கும் திறப்பு இதில் 1.60 மில்லிமீட்டர். செல்மர் எஸ்80 சி ஸ்டாரில் 1.70, ஜாஸ்காரர்கள் விரும்பும் மேயர் 5-இல் சுமார் 1.80. பார்க்க அற்ப வித்தியாசம்தான், ஆனால் உதட்டுக்கு அது நன்றாகவே தெரியும். திறப்பு கூடக்கூட ரீடை வளைக்கக் காற்றும் உதட்டுப் பலமும் அதிகம் வேண்டும், அதனால் ரீட் நம்பரை, அதாவது அதன் கனத்தை, கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். உங்களுக்கு மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒரே சீராக வருகிறது, ஆனால் இன்னும் காற்று கொடுத்தால் சத்தம் நசுங்குகிறது என்றால் 1.70 பக்கம் போகலாம். அது இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாசம் நீள ஸ்வரம் ஊதுங்கள். இன்னொன்று, ஒரு கம்பெனியின் 5-ஆம் நம்பரும் மற்றொரு கம்பெனியின் 5-ஆம் நம்பரும் ஒன்றல்ல. மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

மேலூர்: கர்நாடக சங்கீதம்தான் வாசிக்கிறேன். கமகம் கட்டை மாதிரி வருகிறது, வழுக்கி வரவில்லை. மௌத்பீஸ் காரணமா?

பாதிக் காரணம். ஆல்டோவில் கமகம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நமக்கெல்லாம் காட்டியவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). அவர் தகப்பனாரிடம் நாதஸ்வரம் கற்றுவிட்டு சாக்ஸபோனுக்கு வந்தவர் என்பதை மறக்கக் கூடாது. நாதஸ்வரத்தில் விரலால் துளையைப் பாதி மூடுவதோடு உதடும் மூச்சும் சேர்ந்துதான் சுரத்தை இழைக்கும். சாக்ஸபோனில் சாவியும் பேடும் குறுக்கே நிற்பதால் உதட்டுக்கு வேலை இன்னும் கூடுதல். திறப்பு குறுகலாக இருந்து ரீடும் கனமாக இருந்தால் சுரம் பூட்டிக்கொண்ட மாதிரி நிற்கும், இழுத்தாலும் இறங்காது. 1.75 முதல் 1.85 வரை திறப்பு, 2 அல்லது 2½ ரீட், இந்தச் சேர்க்கையில் ஆரம்பியுங்கள். கனமான ரீடில்தான் கனமான நாதம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மௌத்பீஸை மட்டும் கழற்றி ஊதினால் ஆல்டோவில் ஏறக்குறைய ஆறு கட்டை, அதாவது ‘ஏ’ சுரம், 880 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்க வேண்டும். அங்கிருந்து தாடையைத் தளர்த்தித் தொண்டையைத் திறந்து, விட்டுப்போகாமல் ஒரு பஞ்சமம் அளவாவது கீழே இறக்கிப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் எந்த மௌத்பீஸ் வாங்கினாலும் கமகம் வராது, முதலில் சாதகம்தான். ஆல்டோவில் ‘சி’ என்று வாசிப்பது ‘ஈ ஃப்ளாட்’டாகத்தான் ஒலிக்கும், அதை ஷட்ஜமாக வைத்தால் இரண்டரைக் கட்டை வரும், தம்புராவை அதில் போட்டுக்கொண்டு பழகுங்கள்.

சிம்மக்கல்: மண்டபத்தில் தவிலோடு வாசிக்க உலோக மௌத்பீஸ்தானே நல்லது? எபோனைட் (இறுக்கிய ரப்பர்) சத்தம் அமுங்கிப்போகிறது.

சத்தத்தைத் தீர்மானிப்பது உலோகமா எபோனைட்டா என்பது அல்ல, உள்ளே இருக்கும் வடிவம். ரீடுக்கு நேர் எதிரே இருக்கும் சரிவைப் பேஃபிள் என்பார்கள். அது உயர்ந்திருந்தால் காற்று விசையாகப் பாய்ந்து சத்தம் கூர்மையாகும். அடுத்து வரும் சேம்பர் அகலமாக இருந்தால் நாதம் உருண்டையாக வரும். உயர்ந்த பேஃபிளை எபோனைட்டிலும் செய்கிறார்கள்.

செல்லூர்: அண்ணே, இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே மாடலை உலோகத்திலும் எபோனைட்டிலும் வாசித்தேன், வேறு வேறாகத்தான் இருந்தது.

இருந்திருக்கும் தம்பி. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளளவு ஒன்றாக இருக்காது. உலோகத்தை மெலிதாகச் செய்யலாம், அதனால் வாயை அதிகம் திறக்காமல் கடிக்கிறோம், உதடு உட்காரும் விதமே மாறிவிடுகிறது. மேல் பல் வழியாக நம் மண்டைக்குள் கேட்கிற ஒலியும் மாறும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்காது.

செல்லூர் (மறுபடியும்): அப்போ நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம்தான் வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? பொருளில் ஒன்றுமில்லை என்றால் எந்த மரத்திலும் கடைந்துவிடலாமே?

நல்ல கேள்வி, விடாமல் கேட்டதற்குச் சந்தோஷம். நரசிங்கம்பேட்டையில் (அங்கே செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது) பழைய ஆச்சாவைத் தேடுவது ஏன்? அது காய்ந்து முற்றிய மரம். கடைந்த பிறகு முறுக்கிக்கொள்ளாமல் உள்துளை அளவைக் காப்பாற்றும், எச்சில் ஈரத்தையும் தாங்கும். பொருள் முக்கியம்தான், அந்த வடிவத்தைப் பிசகாமல் வைத்திருப்பதற்காக முக்கியம். கும்பகோணம் ஆதி கும்பேஸ்வரர் கோயிலில் கல் நாதஸ்வரமே இருக்கிறது, அதுவும் பேசும். அப்புறம் பாருங்கள், வித்வான் கச்சேரிக்கு முன் மாற்றி மாற்றிப் பார்ப்பது வாயில் வைத்து ஊதும் சீவாளியைத்தான், குழலை இல்லை. நம் ரீடும் மௌத்பீஸ் நுனியும் சேர்ந்து செய்வது அந்தச் சீவாளியின் வேலையை. இதற்கு மேலும் மூன்று பேர் உலோகத்துக்காக வாதாடி எழுதியிருக்கிறீர்கள். ஒருவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, எது எது என்று சொல்லாமல் இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

உசிலம்பட்டி: பத்து வயசுப் பையனுக்கு?

4சி, 2-ஆம் நம்பர் ரீட். வேறெதுவும் வேண்டாம்.

பரவை: கீச்சென்று கத்துகிறது. எந்த மௌத்பீஸ் வாங்கட்டும்?

ரீட், பேட். மேலே எழுதியிருக்கிறேன்.

அனுப்பானடி: மேல் பல் கூசுகிறது.

மௌத்பீஸின் மேல்புறம் ஒட்டுகிற ரப்பர் பேட்ச் கிடைக்கும், ஒட்டுங்கள். கூச்சம் அப்படியும் போகாவிட்டால் நீங்கள் கடித்து வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தெப்பக்குளம்: என் எபோனைட் மௌத்பீஸ் பச்சையாகி கந்தக வாடை அடிக்கிறது. கெட்டுவிட்டதா?

எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயிலும் சூடும் பட்டால் அப்படி ஆகும். நுனி வளையாமல் இருந்தால் வாசிக்கலாம். சித்திரை வெயிலில் வண்டி டிக்கிக்குள் வைக்காதீர்கள், வெந்நீரில் கழுவாதீர்கள் என்று வகுப்பில் தொண்டை வற்றச் சொல்கிறேன். சாதாரணத் தண்ணீர், துளி சோப்பு, மென்மையான பிரஷ் போதும்.

வாடிப்பட்டி: கீழ் ஸ்வரம் வரவில்லை, மௌத்பீஸ் மாற்றலாமா?

ரீட். பேட்.

ஆரப்பாளையம்: கடையில் எப்படிச் சோதிப்பது?

உங்கள் சாக்ஸபோனையும், வாசித்துப் பழகிய ரீடையும் கொண்டு போங்கள். கடை ரீடில் சோதித்தால் எது எதனால் என்று தெரியாது. ரீடை நனைத்துப் பூட்டி, மௌத்பீஸின் பின்துளையை உள்ளங்கையால் அடைத்து, நுனிப் பக்கம் காற்றை உறிஞ்சி எடுங்கள். ரீட் சில நொடிகள் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டு ‘டப்’ என்று விடவேண்டும். உடனே விட்டால் ஒரு வேளை ரீட் கோணலாக இருக்கும், ரீடை மாற்றியும் அப்படியே என்றால் மௌத்பீஸின் தட்டைப் பரப்போ ஓரங்களோ சரியில்லை, வாங்காதீர்கள். அப்புறம் அடி ‘பி ஃப்ளாட்’டை மெதுவாக எழுப்புங்கள், பாம் கீ (உள்ளங்கையால் அழுத்தும் சாவிகள்) தரும் மேல் சுரங்களைத் தொடுங்கள், இரண்டு முனையும் சுருதியில் நிற்கிறதா என்று டியூனரில் பாருங்கள். பிரபலப் பெயர் பொறித்த போலிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் விலகிவிடுங்கள்.

டெனர் மௌத்பீஸை ஆல்டோவில் போடலாமா என்று கேட்ட இருவருக்கும்:

கழுத்துக் கார்க்கில் தளர்ந்து நிற்கும், காகிதம் சுற்றிப் பொருத்தினாலும் சுருதி சேராது. வேண்டாம்.