ஆய்வக எலிகள்: கருணைக்கொலை முறையும் திசு மாதிரியும் (கேள்வி-பதில்)

சுண்டெலிகளின் நுரையீரல் ஸ்லைடில் ரத்தக்கசிவு தெரிகிறது. மருந்தே கொடுக்காத குழுவிலும் இருக்கிறது. ஏன்?

கார்பன் டை ஆக்சைடு கொடுத்துக் கொன்றீர்களா? அப்படியானால் அதுதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. அந்த வாயு நுரையீரலில் ரத்தக்கசிவையும் நீர்க்கோர்ப்பையும் உண்டாக்கும். தலையைத் துண்டித்தாலும் சிக்கல் உண்டு. மூச்சுக்குழாய் வழியே ரத்தம் உள்ளே இழுபட்டுவிடும். நுரையீரல்தான் ஆய்வுப் பொருள் என்றால் பெண்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை ஊசியில் அதிக அளவு போடுவது நல்லது. வாயுவையே பயன்படுத்துகிறவர்கள், முன்கூட்டியே நிரப்பிய பெட்டியில் விலங்கை விடாதீர்கள். மூக்கின் ஈரத்தில் அது அமிலமாகி வலிக்கும். நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தில் செலுத்தச் சொல்கிறது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் பெண்டோபார்பிட்டாலே போதுமா?

போதாது. அந்தக் கரைசல் கடும் காரத்தன்மை உள்ளது. வயிற்றுக்குள் ஊசி போட்டால் குடல், கல்லீரல் மேற்பரப்பை அரித்துவிடும். மண்ணீரலிலும் ரத்தம் தேங்கும். நாய்களில் அது வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வீங்கிவிடும். மண்ணீரல் எடையை அளக்கும் ஆய்வுக்கு வேறு வழி பாருங்கள்.

சர்க்கரை நோய் ஆய்வு. கீட்டமின்-சைலசின் கொடுத்து மயக்கிய பிறகு ரத்தம் எடுக்கலாமா?

வேண்டாம். சைலசின் கணையத்தில் இன்சுலின் சுரப்பைத் தடுப்பதால் சர்க்கரை ஏறும். மூச்சில் கொடுக்கும் மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேனும் ஏற்றும். மயக்குவதற்கு முன்பே வால் நுனியிலிருந்து ஒரு துளி எடுத்து அளந்துவிடுங்கள்.

மூளையில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு), லாக்டேட் (ஆக்சிஜன் குறைந்தால் சேரும் பொருள்) அளக்க வேண்டும். எந்த முறை சரி?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ரத்த ஓட்டம் நின்ற சில நொடிகளிலேயே ஏடிபி குறையத் தொடங்கும், லாக்டேட் ஏறும். தலையைத் துண்டித்து நிதானமாக மூளையை எடுத்தால், நீங்கள் அளப்பது உயிரோடு இருந்த மூளையை அல்ல. இதற்கென்றே தயாரான நுண்ணலைக் கருவி இருக்கிறது. தலையில் மட்டும் கதிரைக் குவித்து, ஒரு நொடி அளவில் நொதிகளைச் செயலிழக்கச் செய்யும். சமையலறை மைக்ரோவேவ் இதற்கு ஒருபோதும் ஆகாது, அது கொடுமை. அப்புறம் டௌ என்ற நரம்புச் செல் புரதத்தில் பாஸ்பேட் சேர்வதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மயக்கத்தில் உடல் குளிர்ந்தாலே அது கூடும். வெப்பத் தட்டு இல்லாமல் தொடங்காதீர்கள். இப்படி மாதிரி கெட்டால் இன்னொரு விலங்கை எடுக்க வேண்டிவரும். எனக்குத் தாங்க முடியாதது அதுதான்.

வாயு தீர்ந்துபோய், பாதி எலிகளுக்குக் கழுத்து முள்ளெலும்பை இழுத்து விலக்கிக் கொல்லும் முறையைப் பயன்படுத்தினோம். தரவைச் சேர்க்கலாமா?

இரு குழுவிலும் இரு முறையும் சமமாகப் பரவியிருந்தால், முறையையும் ஒரு காரணியாக வைத்துக் கணக்கிடலாம். மருந்துக் குழு ஒரு முறையிலும் மற்றது இன்னொரு முறையிலும் போயிருந்தால் சேர்க்க முடியாது. எந்த வேறுபாடு எதனால் வந்தது என்று பிரிக்கவே வழியில்லை. எதுவானாலும் கட்டுரையில் மறைக்காமல் எழுதுங்கள். இறப்புக்கும், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் அதைப் போட்டதற்கும் இடையே எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் சேர்த்து.