வார்டில் 'புவர்லி' என்று சொன்னால் என்ன அர்த்தம், எப்படிச் சொல்வது

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. யார்க்‌ஷரில் ஒரு மெடிக்கல் வார்டில் நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறாய். காலை ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவரில், சிஸ்டர் (இங்கே வார்டுப் பொறுப்பு நர்ஸ்) "பெட் சிக்ஸ் இஸ் வெரி புவர்லி" என்று சொல்ல, அது உன் காதில் 'போலி' என்று விழுந்திருக்கிறது. அகராதியைத் திறந்தால் 'மோசமாக' என்று போட்டிருக்கிறது. இந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படி வைப்பது என்று கேட்கிறாய். கூடவே, கணவர் வரும்போது குக்கர் கொண்டு வரலாமா, நம்ம ஊர் லைசென்ஸில் கார் ஓட்டலாமா, வாடகை எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருக்கிறாய். குக்கர் கொண்டு வரச் சொல், கேஸ்கெட் இரண்டு கூடுதலாகப் போடச் சொல். லைசென்ஸ் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் செல்லும், அதற்குள் இங்கத்து டெஸ்ட்டை எழுதி முடித்துவிடு. வாடகை ஊருக்கு ஊர் மாறும், கூட வேலை பார்ப்பவர்களைக் கேள். அவ்வளவுதான். புவர்லிதான் எனக்கு முக்கியம், உனக்கும் அதுதான் முக்கியமாக இருக்க வேண்டும்.

அகராதி தப்பாகச் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் 'புவர்லி கன்ட்ரோல்டு டயபடீஸ்' என்று இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். பரீட்சைக்குப் படித்த இங்கிலீஷில் நமக்குத் தெரிந்த புவர்லி அதுதான். இங்கத்து ஜனங்கள் பேசும்போது 'ஷீ இஸ் புவர்லி', 'ஹி லுக்ஸ் புவர்லி', 'ஐ ஃபீல் புவர்லி' என்று ஆளைப் பற்றித் தனியாக நிறுத்திச் சொன்னால், அது உடம்பு சரியில்லை என்பதற்கான சொல். வடக்கு இங்கிலாந்தில் இதைக் கேட்காமல் ஒரு நாளைக் கடத்த முடியாது.

சிக்கல் என்னவென்றால், இந்த ஒரே சொல் சளியிலிருந்து சாவு வரைக்கும் போகும். கிண்டர்கார்டன் குழந்தை பிளாஸ்டர் ஒட்டிய விரலைக் காட்டி 'புவர்லி ஃபிங்கர்' என்று சொல்லும். ஜிபி என்கிற குடும்ப டாக்டரின் ஆபீசுக்குப் போன் பண்ணும் அம்மா 'மை லிட்டில் ஒன் இஸ் புவர்லி' என்றால் காய்ச்சலாக இருக்கும். 'எ பிட் புவர்லி' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் இரண்டு நாள் ஓய்வு எடுப்பார். ஆனால் வார்டில், அதுவும் ஒரு டாக்டரோ சீனியர் சிஸ்டரோ 'வெரி புவர்லி' என்று சொன்னால், அந்த நோயாளி பிழைக்காமல் போகலாம் என்பதைத்தான் சொல்கிறார்கள். குரல் மாறாது, முகம் மாறாது. டீ வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் சொல்வார்கள். நம் ஆட்கள் ஏமாறுவது அங்கேதான். சொல்லை மட்டும் கேட்காதே தங்கச்சி, யார் சொல்கிறார்கள், எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்று பார்.

நான் 2003-ல் வந்தவள். அப்போது செய்து காட்டும் இந்த ஆஸ்கி பரீட்சை, கம்ப்யூட்டர் பரீட்சை எதுவும் கிடையாது. அடாப்டேஷன் என்று சில மாதம் மேற்பார்வையில் வேலை பார்த்துக் காட்டினால்தான் இங்கே நர்ஸாகப் பதிவானதற்கான பின் நம்பர் கிடைக்கும். நாகர்கோவிலில் நிலத்தை அடகு வைத்து ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டினோம். ஆஸ்பத்திரி என்று சொல்லி அனுப்பினார்கள், இறங்கினால் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். கேர் அசிஸ்டென்ட் சம்பளம், ஒரே அறையில் பல பேர், குளிருக்குச் சரியான கோட் கூட இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் தோழிகள் யாராவது இன்னும் ஊரில் காத்திருந்தால் அவர்களிடம் சொல்: வேலை வாங்கித் தருவதற்கென்று வேலை தேடுபவரிடம் ஏஜென்சி பணம் வாங்குவது இந்த நாட்டுச் சட்டப்படி தப்பு. என்.எச்.எஸ். என்கிற இங்கத்து அரசு மருத்துவச் சேவையில் வேலைக்கு யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

பின் நம்பர் வந்த பிறகு ஆஸ்பத்திரி வார்டுக்கு மாறினேன். அங்கே துப்புரவு வேலையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். வார்டில் தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். மாப் வாளியைத் தள்ளிக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "பிள்ளை, டொக்டர் வெரி போர்லி எண்டு சொன்னால் ஆள் தப்புறது கஷ்டம் எண்டு விளங்கிக்கொள். இவையள் பெரிய விசயத்துக்குத்தான் சின்னச் சொல்லுச் சொல்லுவினம்." எந்த ட்ரெய்னிங் புத்தகத்திலும் அது எழுதியிருக்கவில்லை. வருஷக்கணக்காகக் கட்டில்களுக்குக் கீழே பெருக்கி, மேலே பேசுவதையெல்லாம் கேட்டுக் கற்றது. இன்றைக்கும் நான் புதிதாக வருபவர்களுக்கு அந்த அக்கா சொன்னதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நமக்கு இது புரியாத வழக்கமும் இல்லை. ஊரிலிருந்து "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வா" என்று போன் வந்தால் நாம் என்ன புரிந்துகொள்வோம்? எனக்கும் அப்படி ஒரு போன் வந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் வண்டியில் ஏறி உட்காரும் வரைக்கும் நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாத குடும்பங்கள் இந்த மாதிரி மென்மையான சொல்லால் ரொம்பக் கஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பிராட்ஃபோர்டு பக்கம் பாகிஸ்தான் பக்கத்து மிர்பூரிலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் நிறைய. பாட்டியின் கட்டில் பக்கத்தில் டாக்டர் 'வெரி புவர்லி' என்கிறார், பள்ளிக்கூடம் போகிற பேரன் அதை 'உடம்பு சரியில்லை' என்று மொழிபெயர்க்கிறான். தாத்தா தலையாட்டுகிறார், உடம்பு சரியில்லாததால்தானே கூட்டி வந்தோம் என்று. அந்த இடத்தில் நீ சும்மா நிற்கக் கூடாது. முறையான இன்டர்ப்ரெட்டரைக் கூப்பிடச் சொல். டாக்டர் போன பிறகு குடும்பத்திடம், டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது என்று கேள். தப்பாகப் புரிந்திருந்தால் டாக்டரைத் திரும்ப வரச் சொல். அது உன் உரிமை, வேலையும் கூட.

இனி நீ இந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். எங்கள் வார்டில் ஒரு எச்.சி.ஏ. (நர்ஸுக்கு உதவியாக இருக்கும் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்) அம்மா இருந்தார், பார்ன்ஸ்லி ஊர்க்காரர். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்களிடம் இருந்தார். மதியம் சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போன அந்த அம்மா தட்டை எடுக்காமல் திரும்பி வந்தார். மசித்த உருளைக்கிழங்கில் ஒரு ஓரத்தில் மட்டும் கரண்டி பட்டிருந்தது. வழக்கமாகப் பெரியவர் முதலில் காலி பண்ணும் கஸ்டர்ட் ஏடு கட்டிக் கிடந்தது. "ஹி'ஸ் கான் புவர்லி" என்று சிஸ்டரிடம் சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டர் மருந்து ட்ராலியைப் பூட்டிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். 30-ஐத் தொட்டது. சாயங்காலத்துக்குள் பெரியவர் ஐ.சி.யூ.வில் இருந்தார், பிறகு நல்லபடியாக வீட்டுக்கும் போனார்.

காலையில் போட்ட பிபி, நாடி எல்லாம் சுமாராகத்தான் இருந்தன. கஸ்டர்டைப் பார்த்து அந்த அம்மா கண்டுபிடித்தார். எச்.சி.ஏ. வந்து யாரைப் பற்றியாவது புவர்லி என்று சொன்னால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுப் போ. நர்சிங் பட்டம் வாங்கி வந்த நம் பெண்கள் சிலர் எச்.சி.ஏ.க்களை ஆயா மாதிரி நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது அறவே பிடிக்காது.

அவர்கள் சொன்னால் அந்த ஒரு சொல் போதும், ஏனென்றால் அவர்களை வார்டுக்கே தெரியும். நீ புதிது. ராத்திரி மூன்று மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டு 'ஷீ இஸ் புவர்லி' என்று மட்டும் சொன்னால் அவர் அவசரமாக வர மாட்டார். கூட எண்ணைச் சொல். நான் வந்த காலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு வேறு சார்ட் இருந்தது. 2012-ல் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற டாக்டர்கள் அமைப்பு, நோயாளி நலிகிறாரா என்று எண்ணில் காட்டும் நியூஸ் என்ற ஒரே ஸ்கோரைக் கொண்டு வந்தது, 2017-ல் அதைத் திருத்தி நியூஸ் 2 ஆக்கியது. மூச்சு, ஆக்சிஜன், பிபி, நாடி, நினைவு, காய்ச்சல், ஆறுக்கும் மதிப்பெண். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் கூடுதலாக 2. மொத்தம் 5 வந்தால் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 வந்தால் எமர்ஜென்சி. புதிதாகக் குழப்பமாகப் பேசினால் அதற்கு மட்டுமே 3, அதையும் உடனே சொல்லியாக வேண்டும். ஆகவே உன் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "ஷீ லுக்ஸ் புவர்லி, நியூஸ் இஸ் செவன், இட் வாஸ் டூ அட் டென் ஓ'கிளாக், ஐ நீட் யூ டு கம் அண்ட் ஸீ ஹர் நவ்." கடைசித் துண்டை விட்டுவிடாதே. வந்து பாருங்கள் என்று கேட்க நம் பெண்களுக்கு வாய் வராது, தகவலைச் சொல்லிவிட்டு மௌனமாக நிற்பார்கள். நோட்ஸில் எழுதும்போதும் புவர்லி என்று மட்டும் எழுதாதே, எண்ணை எழுது, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னாய் என்று எழுது.

ஸ்கோர் குறைவாக இருந்தும் உனக்கு மனசு உறுத்தினால் அதையும் சொல்லு. 13 வயதுச் சிறுமி மார்த்தா மில்ஸ் 2021-ல் செப்சிஸில் (தொற்று முற்றி உடம்பு முழுவதையும் பாதிக்கும் நிலை) இறந்தாள். பெற்றோர் கவலையைச் சொல்லியும் அதற்குச் சரியான மதிப்பு கிடைக்கவில்லை. அவர்கள் போராடியதால்தான் மார்த்தா விதி வந்தது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 2024-லிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நோயாளி நலிகிறார் என்று குடும்பமோ ஊழியரோ நினைத்தால் வேறு ஒரு டீமை வந்து பார்க்கச் சொல்லலாம். உன் ஆஸ்பத்திரியில் அதற்கு எந்த நம்பர் என்று முதல் வாரமே தெரிந்துகொள்.

இன்னொரு சொல்லையும் எச்சரிக்கிறேன்: சிக். நமக்கு சிக் என்றால் உடம்பு சரியில்லை. இங்கே நோயாளி 'ஐ'வ் பீன் சிக்' என்றால் வாந்தி எடுத்தார் என்று அர்த்தம், 'ஐ ஃபீல் சிக்' என்றால் குமட்டுகிறது. ஓடிப்போய் அந்தச் சாம்பல் நிற அட்டைக் கிண்ணத்தை எடுத்து வா, மீதியை அப்புறம் கேள். நோட்ஸில் 'பேஷன்ட் வாஸ் சிக்' என்று எழுதினால் எத்தனை தடவை, என்ன நிறம் என்று அடுத்த ஷிஃப்ட் கேட்கும். அதே சமயம் நீ லீவு எடுத்தால் அது 'ஆஃப் சிக்'. முதல் 7 நாளுக்கு நீயே எழுதிக் கொடுக்கலாம், அதற்கு மேல் போனால் ஃபிட் நோட் என்கிற மருத்துவச் சான்று வேண்டும்.

இதையெல்லாம் எங்கே கற்பது என்று கேட்பாய். வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிக்கொடுக்கும் கோச்சிங் ஆட்களிடம் காசைக் கொடுக்காதே. பரீட்சை பாஸாகலாம், வார்டுக்கு அது உதவாது. பிரேக் ரூமில் போய் உட்கார். நம் ஆட்கள் ஒரு மூலையில் நம் பாஷை, பிலிப்பைன்ஸ் பெண்கள் ஒரு மூலையில் அவர்கள் பாஷை என்று இருந்தால் பத்து வருஷம் ஆனாலும் காது பழகாது. மலையாளிப் பெண்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் உதவுவதில் நம்மைவிடப் பல மடங்கு மேல், எனக்கு முதல் குளிர்காலத்தில் கோட் கொடுத்தது ஒரு கோட்டயத்துப் பெண்தான். ஆனால் அவர்களிலும் இங்கத்து ஆட்களோடு கலந்து பேசியவர்கள்தான் சிஸ்டர், மேட்ரன் என்று மேலே போனார்கள். உச்சரிப்பை மாற்றிக்கொள் என்று நான் சொல்லவில்லை. என் இங்கிலீஷ் இன்றைக்கும் நாகர்கோவில் இங்கிலீஷ்தான், வார்டு நடத்துகிறேன்.

கிழவர்கள் பேச்சைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். யார்க்‌ஷரில் சிலர் புவர்லிக்குப் பதில் 'பேட்லி' என்பார்கள், 'ஷீ'ஸ் ரைட் பேட்லி' என்றால் ரொம்ப முடியவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'நாபட் மிட்லிங்' என்பார்கள், சுமார்தான் என்று அர்த்தம். கம்பளி மில்லிலும் சுரங்கத்திலும் உழைத்த ஆட்கள் வலியைக் குறைத்துத்தான் சொல்வார்கள், அவர்கள் வாயால் புவர்லி என்று வந்தால் உடனே ஆப்ஸ் (மூச்சு, நாடி, பிபி எல்லாம்) எடு. 'ஐ'ம் ஸ்டார்வ்டு' என்று ஒரு பாட்டி சொன்னால் சாண்ட்விச் தேடிப் போகாதே, இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அது குளிர்கிறது என்று அர்த்தம். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு போர்வை கொடு.