மற்ற குழந்தைகள் தடுப்பூசி போட்டிருக்கும்போது, என் குழந்தை போடாவிட்டால் அவர்களுக்கு என்ன?

நியாயமான கேள்விதான். ஊரில் மணல்வாரி என்கிறோமே, அந்தத் தட்டம்மையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அரசு அட்டவணைப்படி தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. முதல் ஊசி 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பலன் தரும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் மிச்சமிருந்தால், ஊசியிலுள்ள வலுவிழந்த வைரஸை அது வேலை செய்ய விடாது. இப்படி விடுபட்டவர்களுக்காகத்தான் இரண்டாவது ஊசி. அதை வெறும் பூஸ்டர் என்று நினைத்துத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தப்பு. இரண்டும் போட்டாலும் 100க்கு மூன்று பேர் விடுபடுவார்கள்.

இவர்கள் போக, 9 மாதம் ஆகாத கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடவே கூடாது. ஏனென்றால் ஊசியில் இருப்பது வலுவிழந்தாலும் உயிருள்ள வைரஸ். இவர்களுக்கெல்லாம் அரண், சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான். தடுப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும் நோய் இது. நோயாளி வெளியே போன பிறகும் அந்த அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை கிருமி தங்கும். அம்மை தெரிந்ததும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்பதும் செல்லாது. தடிப்பு கிளம்ப 4 நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். அதனால்தான் 95 சதவீதம் பேராவது போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேர் போடாதபோதே அந்த எல்லை வந்துவிடுகிறது. மூன்றாவது ஆள் உங்கள் பிள்ளையா?

விட்டுப்போயிருந்தால் 5 வயது வரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள். ஒரு ஊசி ஏற்கெனவே போட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவே 4 வாரம் இருந்தால் போதும். அட்டை தொலைந்து, போட்டோமா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் போட்டுக்கொள்வதே மேல், கெடுதல் இல்லை. சளி, லேசான காய்ச்சல் இருந்தாலும் போடலாம்.

ஒன்றை மட்டும் கண்ணால் பாருங்கள். இந்த மருந்து பொடியாக வரும். நர்ஸ் கரைசல் ஊற்றிக் கலந்த நேரத்தைப் புட்டி மேல் எழுத வேண்டும். 4 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். கிருமி வளராமல் தடுக்கும் பொருள் அதில் சேர்ப்பதில்லை. நேரம் எழுதாத புட்டி என்றால் தயங்காமல் கேளுங்கள்.

ஊசி வலது மேற்கையில், தோலுக்கு அடியில், அரை மில்லி. காய்ச்சல் அன்றே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரலாம், சிலருக்கு லேசான தடிப்பும் கூடவே வரும். இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். அந்தத் தடிப்பு அடுத்த குழந்தைக்குத் தொற்றாது, பிரித்து வைக்க வேண்டியதில்லை.