வண்டியைத் தள்ளப்போவது யார்?

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். நான் தேவகோட்டைக்காரன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறேன். உங்கள் கட்டுரைகளை விடாமல் படிப்பவன். மகள் தை மாதம் ஏழு மாதப் பேரனோடு சிட்னியிலிருந்து வருகிறாள். பங்குனி வரை இருப்பாள். பேரனுக்கு ஒரு ஸ்ட்ரோலர் வாங்கி வைக்கலாம் என்று இருக்கிறேன். நம் ஊர் ரோட்டுக்கு மூன்று சக்கரம்தான் சரி என்கிறார் மாப்பிள்ளை. நான்கு சக்கரம்தான் கவிழாது என்கிறான் என் தம்பி. என் மனைவியோ, "பிள்ளையை வண்டியில வச்சுத் தள்ளுறதாவது, நான் இடுப்புல வச்சுக்கிறேன்" என்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி வேறு. ஆனாலும் நாமெல்லாம் இடுப்பில் வளர்ந்த பிள்ளைகள்தானே, யாருக்கு என்ன கெட்டுப்போனது என்று எனக்கும் தோன்றுகிறது. நம் நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தான் என்பதால் இதை நம் மரபு என்று சொல்லலாமா? சின்ன வயதிலேயே வண்டியில் உட்கார வைத்தால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? அப்புறம், பழைய வீடுகளை இடித்து மரத்தை விற்பதைப் பற்றி எப்போது எழுதப்போகிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள அண்ணனுக்கு,

இடித்த வீடுகளைப் பற்றி இன்னொரு நாள். அதை ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன். முதுகெலும்பைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்த பிள்ளைக்குத்தான் முழுக்கப் படுக்கிற மாதிரி இருக்கை வேண்டும். தானாக உட்காரத் தொடங்கிய பிள்ளைக்குக் கொஞ்சம் சாய்வும், தோள், இடுப்பு, கவட்டை எல்லாவற்றையும் பிடிக்கிற பெல்ட்டும் போதும். சந்தேகம் இருந்தால் பிள்ளை வைத்தியரைக் கேளுங்கள், பக்கத்து வீட்டைக் கேட்காதீர்கள்.

மரபு கேட்டீர்கள். தாராளமாக இருக்கிறது. நடைவண்டியை விடுங்கள், பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உணவுப் பொருள் காய்கிறது. கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் காதில் கிடந்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது போய் விழுந்து, பிள்ளைகள் உருட்டி வருகிற முக்காற் சிறுதேரை வழிமறிக்கிறது. குதிரை இல்லாத, மூன்று சக்கரத் தேர். நகரத்தார் நாமெல்லாம் அந்தப் பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் வேறு, உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அது பிள்ளை உருட்டுகிற வண்டி, பிள்ளையை வைத்து உருட்டுகிற வண்டி இல்லை. அந்தப் பாட்டை மேடையில் சொல்கிற எல்லோரும் குழை தங்கமாயிற்றே, என்ன செல்வம் என்று வாயைப் பிளப்பார்கள். அத்தனை செல்வத்திலும் வெயிலில் உட்கார்ந்து கோழி விரட்டியது யார் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் கடிதத்திலும் அதேதான் அண்ணே. இரண்டாம் தடவை படித்தபோதுதான் கவனித்தேன். மாப்பிள்ளை பேசுகிறார், தம்பி பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். வீட்டு ஆச்சிக்கும் ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறீர்கள், சந்தோஷம். மகள் "வருகிறாள்", "இருப்பாள்". அவ்வளவுதான் அவள் செய்கிற காரியம். அந்த வண்டியை அன்றாடம் விரித்து, மடக்கி, தூக்கி, தள்ளப்போகிறவள் அவள். மூன்று சக்கரமா நான்கா என்று மூன்று ஆண்கள் கூடி விவாதித்திருக்கிறீர்கள், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓவன் மெக்லாரன் என்று ஒரு ஆங்கிலேயப் பொறியாளர் இருந்தார். ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தரையிறங்குகிற சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து மகள் பேரப்பிள்ளையோடு வந்தபோது, கனமான வண்டியை வைத்துக்கொண்டு அவள் படுகிற பாட்டைப் பார்த்தார். விமானத்தில் பழகிய அலுமினியக் குழாயை எடுத்து, குடை மாதிரி மடங்குகிற ஒரு வண்டியை வடிவமைத்தார். 1965இல் அதற்குக் காப்புரிமை கேட்டு எழுதினார். எடை மூன்று கிலோகூட இல்லை. உங்களைப் போல அவரும் ஒரு தாத்தாதான். பேரனைக் கொஞ்சுகிற நேரத்தில் மகளின் கையையும் பார்த்திருக்கிறார். இன்று நாம் பார்க்கிற மூன்று சக்கர வண்டியும் அப்படி வந்ததுதான். 1980களில் அமெரிக்காவில் ஃபில் பேக்லர் என்ற பத்திரிகைக்காரர், ஓடுகிற பழக்கம் உள்ளவர், தன் மகனையும் கூட்டிக்கொண்டு ஓடுவதற்காக ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரத்தை மாட்டினார். தள்ளியவரும் அவர்தான், அதனால் எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். மாப்பிள்ளை சொல்வதும் சரி, தம்பி சொல்வதும் சரி. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலிக்குத்தான் அட்டை மடித்துக் காலடியில் வைக்கிறோம். மேடு பள்ளத்தில் மூன்று சக்கரமும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டு போகும். பிடியைக் கொஞ்சம் அழுத்தினால் முன்சக்கரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். அதே சமயம், முன்பக்கம் போகப் போக அதன் நிற்கிற பரப்பு ஒடுங்குகிறது. ஒரு பின்சக்கரம் மட்டும் விளிம்பிலிருந்து இறங்கும்போது பிள்ளையும் முன்னுக்குச் சாய்ந்து எட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதனால் சாக்கடைப் பலகையிலும் படி ஓரத்திலும் கோணலாக ஏற்றி இறக்கக் கூடாது, நேராகத்தான். மகள் பேறுகாலத்துக்கு நான் இங்கிலாந்து போயிருந்தபோது இப்படி ஒரு வண்டியைத்தான் தள்ளினேன். கடையில் வாங்கிய பையை அதன் பிடியில் மாட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினால் வண்டி பின்பக்கமாகக் குடை சாயும். அங்கே இதைச் செய்யாத பாட்டிகளே கிடையாது.

முன்சக்கரம் சுழலவும் வேண்டும், பூட்டவும் முடிய வேண்டும். வீட்டுக்குள் சுழல விடுங்கள். செம்மண் பாதையிலும் சரளையிலும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் படபடவென்று ஆடித் திரும்பிக்கொள்ளும். காற்று டயர் குலுக்கலை வாங்கிக்கொள்ளும்தான், ஆனால் நம் சீமையில் சீமைக்கருவேல முள்ளுக்குத் தப்பிய டியூப் உண்டா? நுரை அடைத்த டயர் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பஞ்சர் ஆகாது. காற்று டயர்தான் என்றால், சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்குப் போடுகிற 12 அங்குல டியூப் சேருமா என்று பார்த்து வாங்குங்கள், சைக்கிள் கடையில் கிடைக்கும். இன்னொன்று, மாசி பங்குனி வெயிலுக்குப் பயந்து வண்டியின் மேல் துண்டைப் போட்டு மூடாதீர்கள். காற்று நின்று உள்ளே புழுங்கி, வெளியே இருப்பதைவிடச் சூடாகிவிடும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இவ்வளவுதான் வண்டி. இனி உங்கள் அந்த வரிக்கு வருகிறேன்: "இடுப்பில் வளர்ந்த பிள்ளைகள்தானே, யாருக்கு என்ன கெட்டுப்போனது." அண்ணே, இடுப்பில் உட்கார்ந்திருந்தவனைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான். இடுப்பைக் கேட்க வேண்டும்.

கொஞ்ச நாளாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எலும்பு டாக்டர் என் இடுப்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை பிள்ளைம்மா?" என்று கேட்டார். இரண்டு என்றேன். அவர் நம்பவில்லை. பெற்றது இரண்டு, தூக்கியது எத்தனையோ, அதை அவர் கேட்கவில்லை. ஆனால் என்னைச் சொல்லவில்லை இங்கே. என் ஐயா வீட்டில், நான் சின்னவளாக இருந்தபோது, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து தங்கியிருந்தாள். என் வயதுதான். என் தம்பியைத் தூக்குவதுதான் அவள் வேலை. கையில் சம்பளம் கொடுத்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு நெல் போகும், தீபாவளிக்குப் பாவாடை சட்டை. காலையில் நான் பையோடு பள்ளிக்கூடம் கிளம்பும்போது முகப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் வரும்போதும் நிற்பாள். நாங்கள் தெருவில் பாண்டி ஆடினால் அவளும் ஆடுவாள், தம்பியை இடுப்பில் வைத்தபடியே நொண்டியடித்து. கோட்டை மிதிக்கவே மாட்டாள், எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடுவாள். தம்பிக்குத் தலை குலுங்கும், கெக்கலி கொட்டிச் சிரிப்பான். அப்பத்தா உள்ளேயிருந்து சத்தம் போடுவார்கள்: "ஏடி, பிள்ளை கழுத்து என்னத்துக்கு ஆகும்!" அவள் இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டதில்லை.

என் தம்பிக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நன்றாகப் படித்தான், நன்றாக இருக்கிறான். நீங்கள் சொல்வது சரிதான்.

ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய் வருஷக்கணக்கில் திரும்பாத ஊர் நம் ஊர். ஆயிரம் சன்னல் வீடு, பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவர் என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி நமக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கும் அங்கேயிருந்து அடுப்படிக்கும் எத்தனை நிலைப்படி, ஒவ்வொன்றையும் ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் தூக்குச்சட்டியுமாகத் தாண்டியது யார் என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. பெரிய வீட்டில் கூலிக்கு ஒரு சிறுமி. சின்ன வீட்டில் மூத்த பெண்பிள்ளை, ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி. "நாங்கள் தூக்கி வளர்த்தோம்" என்று ஆண்பிள்ளை யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று வருகிறது. நீங்கள் எந்தப் பிள்ளையை, எந்த இடுப்பில், எத்தனை மணி நேரம் தூக்கினீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள் வீட்டு ஆச்சி "நான் வச்சுக்கிறேன்" என்பது வேறு. ஏழு மாதமாகப் பேரனைப் போனில் பார்த்தவர்கள். வண்டி வந்தால் பிள்ளை தன் கைக்கு வராதோ என்று பயம். அதில் என்ன தப்பு? பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும், வேண்டிய மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அந்த முழங்காலோடு எட்டுக் கிலோப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலைப்படி தாண்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. குன்றக்குடி மலைப்படிக்கு வண்டி உதவாது. அன்றைக்கு நீங்கள் தூக்குங்கள், கணக்கில் கொஞ்சம் சேரட்டும்.

இப்போது மகளுக்குப் போன் போடுங்கள். சிட்னி நம்மைவிட, காலத்தைப் பொறுத்து, நாலரை அல்லது ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, அதனால் காலையிலேயே போடுங்கள். முதல் கேள்வி, உன்னிடம் வண்டி இருக்கிறதா என்பது. ஏழு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு சிட்னியில் இருப்பவளிடம் ஒரு வண்டி இல்லாமலா இருக்கும்? இது உங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. பெரும்பாலான விமான நிறுவனங்கள் கைக்குழந்தையின் ஸ்ட்ரோலரைத் தனிக் காசு வாங்காமல் ஏற்றிக்கொள்கின்றன. கொண்டுவருகிறேன் என்றால் கடைக்கே போக வேண்டாம். இங்கேயே ஒன்று இருக்கட்டும் என்றால், எத்தனை கிலோ வரை உன்னால் தனியாகத் தூக்க முடியும் என்று கேளுங்கள். மூன்று சக்கர வண்டிகள் பத்துப் பன்னிரண்டு கிலோகூட இருக்கும். கார் டிக்கியை அளந்துகொண்டு போங்கள், சக்கரத்தைக் கழற்றினால்தான் சில வண்டிகள் உள்ளே போகும்.

மிச்சப்பட்ட பணத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டு ஓடும், வளவு முற்றத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளலாம். தெருவிலிருந்து அங்கே ஏறி வருவதுதான் பாடு. கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் படி ஓரமாக ஒரு சரிவு போடச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் ஏற்றப் போடுகிறார்களே, அந்த மாதிரிச் செங்குத்தாக வேண்டாம். சக்கர நாற்காலிக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று கணக்கு. அவ்வளவுக்கு உங்கள் வாசலில் இடம் இருக்காது, முடிந்த அளவு நீட்டுங்கள், மேலே வழவழப்பாகப் பூசாமல் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். எதற்கு இது என்று ஆச்சி கேட்டால் பேரனுக்கு என்று சொல்லுங்கள். முழங்காலுக்கு என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சிமெண்ட் இறுக நாள் பிடிக்கும், அதனால் மார்கழி பிறக்குமுன்னே ஆளைப் பிடியுங்கள்.