ஸ்வீடன்ல ஏன் இவ்ளோ பேர் யூனியன்ல இருக்காங்க?

"கொள்கைப் பிடிப்பா, இல்ல வேற காரணமா?"ன்னு கேட்டிருந்தீங்க. கொள்கையும் இருக்கு, ஆனா பாதிக்கு மேல காசு விஷயம்தாங்க. அங்க வேலை போனா கிடைக்குற உதவித்தொகையை யூனியன் சார்ந்த நிதி அமைப்புங்கதான் பெரும்பாலும் நடத்துது, பெல்ஜியத்துல கென்ட் நகரத்துல 1901ல ஆரம்பிச்சதால இதுக்கு பேரே கென்ட் சிஸ்டம். நிதில மட்டும் சேர்ந்தா போதும், யூனியன் கட்டாயமில்ல, ஆனா ரெண்டும் ஒண்ணுன்னே நெனச்சு சேர்ந்தவங்க ஏகப்பட்ட பேர்.

2006ல வந்த வலதுசாரி அரசு அடுத்த வருஷமே இந்த நிதிக்கான சந்தாவ தாறுமாறா ஏத்துச்சு, 77 சதவீதம் இருந்த யூனியன் உறுப்பினர் அளவு 2008ல 71க்கு வந்துருச்சு. யூனியனைத் தடை பண்ணவே வேணாம், பில்லைக் கூட்டினா போதும்!

அதுக்காக பல்லு போச்சுன்னு நெனைக்காதீங்க. அங்க குறைந்தபட்ச சம்பளத்துக்கு சட்டமே கிடையாது, எல்லாம் யூனியனும் முதலாளிகளும் போடுற ஒப்பந்தம்தான். டெஸ்லா அதுல கையெழுத்து போட மாட்டேன்னு சொல்ல, 2023 அக்டோபர்ல மெக்கானிக்குங்க ஸ்ட்ரைக்ல இறங்கினாங்க, உடனே துறைமுகத்துல டெஸ்லா காரை இறக்க ஆளில்ல, தபால் ஊழியர்கள் புதுக் காருக்கான நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய் குடுக்க மாட்டோம்னுட்டாங்க. காரு ரெடி, பிளேட்டு இல்ல. இந்த மாதிரி ஆதரவு ஸ்ட்ரைக் அங்க சட்டப்படி செல்லும்ங்கறதுதான் மேட்டரே.